அளந்த எண்ணும் ஊகித்த எண்ணும்: பஞ்சார் பாஞ்சி-1 கிணறு, ஒரு நிகழ்வு ஆய்வு

“சேர், இந்த அழுத்தத்தை ஆராவது அளந்தவையோ, இல்லாட்டிக் கணக்குப் போட்டு எடுத்ததோ?”

கேட்டவர் தரைப் பொறியியல் படித்த ஓர் இளம்பெண். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் என் வீடு. மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் நாலைந்து இளைஞர்கள் வருவார்கள். பிளேன்ரீயும் வடையும் முடிந்ததும் ஓர் எண்ணெய்க் கிணற்றையோ எரிவாயுக் கிணற்றையோ எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். நான் வளைகுடாவில் பல வருடம் மட் லொகராக இருந்தவன். கிணற்றிலிருந்து திரும்பி வரும் துளைச்சேற்றையும் (அதுதான் மட்), அதில் வரும் கல்லையும் வாயுவையும் இரவு பகலாகப் பார்த்து எழுதுவதுதான் தொழில். அந்தப் பிள்ளையின் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. அந்தப் பின்னேரம் முழுவதும் அதற்கே போய்விட்டது.

நாங்கள் எடுத்திருந்தது பஞ்சார் பாஞ்சி-1. ஜாவாவின் கிழக்கில், சிடோவார்ஜோ மாவட்டத்தின் பொரோங் பகுதியில், 2006 மார்ச்சில் எரிவாயு தேடித் தொடங்கிய கிணறு. அந்த வருடம் மே 29 அதிகாலை, கிணற்றிலிருந்து ஏறத்தாழ 150 மீற்றர் தள்ளி நிலம் பிளந்து சூடான சேறு பொங்கியது. உச்சத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180,000 கனமீற்றர் வந்தது. ஊர்கள் மூடப்பட்டன, 40,000 பேரளவில் இடம்பெயர்ந்தார்கள். லூசி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். லும்பூர் என்றால் அவர்கள் மொழியில் சேறு. கோலாலம்பூரில் இருப்பதும் அதே சொல்தான். அதோடு சிடோவார்ஜோவின் முதலெழுத்து சேர்ந்தது.

கொழும்பில் இருந்துகொண்டு ஜாவாவைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? மன்னார்க் கடலில் தோண்டிய கிணறுகளுக்கும் இதற்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அழுத்தம் எங்கிருந்து வருகிறது

இதைச் சொல்லிக் கொடுக்கக் கொழும்பைவிட நல்ல இடம் இல்லை. கட்டுநாயக்கா அதிவேக நெடுஞ்சாலை முத்துராஜவெலச் சதுப்பின் ஓரமாகப் போகிறது. கீழே இருப்பது மரக்கரிச் சேறு, பெரும்பங்கு தண்ணீர். அப்படியான நிலத்தில் வீதி போடுபவர்கள் மணலைக் கொட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். மணலின் பாரம் முதலில் தண்ணீரின் தலையில்தான் ஏறும். தண்ணீர் கசிந்து வெளியேற வெளியேற, பாரம் மெல்ல மெல்ல மண்ணின் தலைக்கு மாறும், நிலம் அமரும். தண்ணீர் கெதியாகப் போவதற்கு நிலைக்குத்தாக வடிகால் இறக்குவார்கள், அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்கக் கருவி புதைப்பார்கள். மேலே இருக்கும் மொத்தச் சுமையை மண்மணிகளும் தண்ணீரும் பங்குபோட்டுச் சுமக்கின்றன என்ற இந்தக் கணக்கை 1920களில் எழுதியவர் கார்ல் டெர்சாகி.

அதே கூத்துத்தான் மூன்று கிலோமீற்றர் ஆழத்திலும் நடக்கிறது. வடிகால் போட அங்கே ஆளில்லை, அவ்வளவே. ஆறு கொண்டுவந்த களிமண் மேலே மேலே வேகமாகப் படிந்தால், அடியில் இருக்கும் களி தன் தண்ணீரை வெளியேற்ற நேரம் போதாது. தண்ணீர் சிறைப்பட்டு, பாறை சுமக்க வேண்டிய பாரத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. அதைத்தான் மிகையழுத்தம் என்கிறோம். வேறு காரணங்களும் உண்டு: களித்தாது வேதிமாற்றம் அடைந்து தண்ணீரை விடுவது, கரிமப் பொருள் வாயுவாக மாறி இடம் கேட்பது. ஆனால் இளம் படுகைகளில் பெரும்பாலும் இந்த அவசரப் படிவுதான் காரணம்.

துளையிடுபவருக்கு இது ஏன் முக்கியம்? கிணற்றில் நிரம்பி நிற்கும் மட்டின் எடை, பாறைக்குள் இருக்கும் தண்ணீர் அழுத்தத்தைவிடக் கொஞ்சம் கூட இருக்க வேண்டும். குறைந்தால் பாறையில் இருப்பது கிணற்றுக்குள் பாயும். அதைக் கிக் என்பார்கள். சரி, நிறையக் கூட்டிவிடலாமே என்றால், பாறை வெடித்து மட் முழுவதும் பாறைக்குள் ஓடிவிடும். கீழெல்லைக்கும் மேலெல்லைக்கும் நடுவில் ஒரு இடைவெளி. அதற்குள் நடக்க வேண்டும். ஆழம் போகப் போக, மேலே பலவீனமாக இருக்கும் பகுதியை இரும்புக் குழாயால் மூடி, சீமெந்து பாய்ச்சிவிட்டுத் தொடர்வார்கள். அதுதான் கேசிங்.

கோடு போடுகிற கலை

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்வி. பாறைக்குள் இருக்கும் அழுத்தத்தை எப்படி அறிவது?

களிக்கல்லில் அளக்க முடியாது. கருவி இருக்கிறது: கிணற்றுச் சுவரில் ஒரு குழலை அழுத்தி, சில மில்லிலீற்றர் திரவத்தை உறிஞ்சி, அழுத்தம் பழைய நிலைக்கு ஏறும்வரை பார்த்திருக்கும். மணற்கல்லில் சில நிமிடங்களில் ஏறிவிடும். களிக்கல் ஊடுபுகவிடாத பாறை என்பதால் நாட்கணக்கில் காத்திருந்தாலும் நம்பக்கூடிய எண் வராது. அதனால் களிக்கல்லில் ஊகிக்கிறோம். ஒழுங்காக இறுகிய களியில் ஆழம் கூடக்கூட ஒலி வேகமாகப் போகும். தண்ணீர் சிறைப்பட்ட களியில் ஒலி மெதுவாகப் போகும். “ஒழுங்காக இறுகியிருந்தால் இப்படி இருந்திருக்கும்” என்று ஒரு கோடு போட்டு, அளந்தது அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து அழுத்தத்தைக் கணிக்கிறோம். 1975இல் ஈற்றன் கொடுத்த சூத்திரம் இன்றும் எல்லா இடத்திலும் ஓடுகிறது. கோடு சொல்லும் ஒலிப் பயண நேரத்தை அளந்த பயண நேரத்தால் வகுத்து, வந்ததை மும்மடியாக்கச் சொல்கிறது அது.

அன்று பலகையில் ஒரு பயிற்சிக் கணக்கு போட்டோம். 1,500 மீற்றர் ஆழம், மேற்சுமை 31.5 மெகாபாஸ்கல், சாதாரண நீரழுத்தம் 15. ஒலி ஓர் அடி கடக்க 130 மைக்ரோசெக்கன் எடுக்கிறது. கோடு 110 என்று சொன்னால் விடை 21.5 மெகாபாஸ்கல். இன்னொருவர் அதே கோட்டைக் கொஞ்சம் சரித்துப் போட்டு 105 என்றால் விடை 22.8. இந்த 1.3 வித்தியாசம், மட்டின் எடையில் கலனுக்கு 0.7 இறாத்தலுக்கும் மேல். இறாத்தல் பாண் வாங்கி வளர்ந்தவர்களுக்கு முக்கால் இறாத்தல் அற்பமாகத் தெரியலாம். சில கிணறுகளில் மொத்த இடைவெளியே அவ்வளவுதான். அந்தக் கோட்டைப் போடுவது மனிதக் கை. கணினி போட்டாலும் எந்தப் புள்ளிகளைக் களிக்கல் என்று எடுப்பது என்பதை ஒருவர்தான் முடிவு செய்கிறார்.

துளையிடும்போதே ஊகிக்கும் வழியும் உண்டு. துளையிடும் அலகு, அதாவது பிட், பாறையை எவ்வளவு வேகமாகத் தின்கிறது என்பதை, அதன்மேல் வைத்த பாரத்துக்கும் சுழலும் வேகத்துக்கும் ஏற்பச் சரிசெய்து பார்ப்பது. 1966இல் ஜோர்டனும் ஷேர்லியும் தந்த டி-அடுக்கு என்ற எண் அது. என் இளமையில் இதில் ஒருமுறை நன்றாக வாங்கிக் கட்டியிருக்கிறேன். இரவுப் பணியில் டி-அடுக்கு சட்டென்று இடப்பக்கம் விலகியது. அழுத்தம் ஏறுகிறது என்று மேலாளரை எழுப்பிவிட்டேன். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து கேட்ட முதல் கேள்வி, “பிட் மாத்தினது எப்ப?” இரண்டு மணித்தியாலத்துக்கு முன்தான் பல்லுருளைப் பிட்டை எடுத்துவிட்டு வெட்டுப்பல் பிட் இறக்கியிருந்தார்கள். மாறியது பிட், பாறை அல்ல.

இதற்கும் மேல் ஒரு சிக்கல். களிக்கல்லுக்கு ஊகித்த எண்ணை அதற்குள் கிடக்கும் மணற்கல்லுக்கும் அப்படியே ஏற்றிவிடுவார்கள். சரிந்து கிடக்கும் மணற்கல் அடுக்கில் தண்ணீர் உள்ளுக்குள் தாராளமாக ஓடுவதால், ஆழமான முனையின் அழுத்தம் மேல் முனைக்குக் கடத்தப்படும். மேல் முனையில் மணலின் அழுத்தம் சுற்றியுள்ள களியைவிடக் கூடுதலாகவும், கீழ் முனையில் குறைவாகவும் இருக்கும். ஆக, ஊகிக்கும் முறை வேலை செய்கிற பாறையில் அளக்க முடியாது. அளக்க முடிகிற பாறையில் ஊகிக்கும் முறை வேலை செய்யாது. வரைபடத்தில் மட்டும் இரண்டும் ஒரே நிறக் கோடாக ஓடும். என் வயிற்றெரிச்சல் அந்த ஒரே நிறத்தின் மேல்தான்.

கிணற்றின் கதை

பஞ்சார் பாஞ்சியில் மேலே வண்டல், அதன் கீழே தடித்த களி அடுக்கு, ஏறத்தாழ 1,830 மீற்றர்வரை. வேகமாகப் புதைந்த இளம் களி, மிகையழுத்தம் எதிர்பார்த்ததுதான். அதன் கீழே எரிமலைப் பாறைகளும் எரிமலைத் துகள் மணலும். அதற்கும் கீழே இலக்கு: சுண்ணாம்புக்கல்.

கடைசியாக இறக்கிய கேசிங் 1,091 மீற்றரில் நின்றது. அங்கே பாறையின் தாங்குதிறனைச் சோதித்தார்கள். கிணற்றை மூடி, மெல்ல மெல்ல அழுத்தம் ஏற்றி, பாறை எப்போது துளைச்சேற்றை விழுங்கத் தொடங்குகிறது என்று பார்க்கும் லீக்-ஓஃப் சோதனை. கிணற்றின் தரப்பு சொன்ன முடிவு கலனுக்கு 16.4 இறாத்தல், நீரின் அடர்த்தியைப் போல 1.97 மடங்கு. பிறகு அடுத்த கேசிங் இல்லாமலேயே போனார்கள். சுண்ணாம்புக்கல்லின் உச்சியைத் தொட்டதும் இறக்கலாம் என்பது திட்டம். 2,834 மீற்றர்வரை அந்த உச்சி வரவில்லை, அல்லது அப்போதுதான் வந்தது. கேசிங்குக்குக் கீழே 1,700 மீற்றருக்கும் கூடிய நீளத்துக்கு வெற்றுச் சுவர்.

மே 27 காலை 5.54க்கு ஏறத்தாழ 250 கிலோமீற்றர் தள்ளி யோக்யகர்த்தாவில் 6.3 அளவு நிலநடுக்கம். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே நாள் மதியத்தை அண்டி, கிணற்றின் அடியில் மட் முழுவதுமாகப் பாறைக்குள் ஓடியது. அடைப்புக் கலவை பாய்ச்சிவிட்டுக் குழாயை மேலே இழுக்கத் தொடங்கினார்கள். மே 28 காலை கிக். கிணற்றை மூடினார்கள். மறுநாள் அதிகாலை வயலில் சேறு.

குற்றவாளி யார்? 2008 ஒக்ரோபரில் கேப்டவுனில் கூடிய பெற்றோலியப் புவியியலாளர் மாநாட்டில் இதை வாக்கெடுப்புக்கே விட்டார்கள். துளையிடல் என்றவர்கள் 42, நிலநடுக்கம் என்றவர்கள் 3, இரண்டும் சேர்ந்து என்றவர்கள் 13, முடிவு சொல்லமுடியாது என்றவர்கள் 16. அறிவியலைக் கையுயர்த்தித் தீர்மானிப்பது எனக்குப் பிடிக்காது, ஆனால் அந்த 16 பேரை மதிக்கிறேன். 2013இல் நிலநடுக்க அலைகள் நிலத்தடி அமைப்பால் குவிக்கப்பட்டன என்று ஓர் ஆய்வு வந்தது. 2015இல் கிணற்றின் வாயுப் பதிவுகளை வைத்து, நிலநடுக்கம் களியைக் குழம்பாக்கியிருந்தால் வரவேண்டிய வாயு வரவில்லை என்று மறுப்பு வந்தது. வாயுப் பதிவு, அதாவது மட் லொகரின் தாள். ஒன்பது வருடத்துக்குப் பிறகு ஒரு தாள் சாட்சி சொன்னதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

நான் துளையிடல் பக்கம். காரணம் வாக்கெடுப்பு அல்ல, கீழே வரும் கணக்கு.

ஒரு கணக்கு

1,091 மீற்றரில் பாறை தாங்கக்கூடியது 16.4 இறாத்தல் மட்டின் பாரம்: 21 மெகாபாஸ்கல். கிணற்றில் இருந்த மட் 14.7 இறாத்தல், நீரைப்போல 1.76 மடங்கு. அதன் பாரம் அந்த ஆழத்தில் 18.8. மிச்சம் 2.2, அதாவது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 320 இறாத்தல் (பிஎஸ்ஐ). கிணறு முழுவதும் மட் நிற்கும் நிலையில், மேலே மூடி இதற்கு மேல் அழுத்தம் ஏறினால் கேசிங்கின் அடியில் பாறை பிளக்கும்.

ஆனால் கிக்கின்போது கிணறு முழுவதும் மட் நிற்பதில்லை. மோசமான நிலையை எடுப்போம்: வெற்றுச் சுவர்ப் பகுதி முழுவதும் பாறைநீர் நிரம்பி, மேலே மூடியாயிற்று. 1,743 மீற்றர் உப்புநீரின் பாரம் 17.6. இப்போது அடியில் எவ்வளவு அழுத்தம் இருந்தால் 1,091இல் பாறை உடையும்? 21 கூட்டல் 17.6, அதாவது 38.6 மெகாபாஸ்கல். ஆழத்தால் வகுத்தால் கலனுக்கு 11.6 இறாத்தலுக்குச் சமன்.

இந்த இடத்தில் எல்லோரும் ஒருகணம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 14.7 இறாத்தல் மட் வைத்துத் தோண்டுகிற கிணறு அது. அடியில் 11.6க்கு மேல் ஏதாவது இருந்தாலே, அந்த மோசமான நிலையில் மேற்பகுதி தாங்காது. இதே கணக்கை, களியின் அடியில் 1,830 மீற்றரில் ஒரு கேசிங் இறக்கியிருந்தால் என்று போட்டோம். பாறையின் பலம் அதே விகிதத்தில் ஏறுகிறது என்று வைத்தால் விடை 13.6. இரண்டு இறாத்தல் கூடுதல் மூச்சு.

முழுவதும் நீர் நிரம்பியது என்பது நான் வைத்த எல்லை நிலை. உண்மையில் துளைச்சேறும் நீரும் கலந்திருக்கும். உண்மையில் எவ்வளவு கலந்தது, மூடியபோது ஏறிய அழுத்தம் எல்லையைத் தாண்டியதா என்பதுதான் இரு தரப்புக்கும் இடையில் இழுபட்டுக்கொண்டிருக்கும் சண்டை. ஆனால் கணக்கு இன்னொன்றைக் காட்டுகிறது. எல்லாம் தொங்குவது அடியில் இருக்கும் ஓர் எண்ணில். அந்த எண் எங்கிருந்து வரவேண்டும்? எரிமலைப் பாறையிலிருந்தும் சுண்ணாம்புக்கல்லிலிருந்தும். இரண்டும் களியைப்போல் இறுகுகிற பாறைகள் அல்ல. எரிமலைப் பாறை பிறக்கும்போதே கடினம். உள்ளே எவ்வளவு அழுத்தம் இருந்தாலும் ஒலி அதில் வேகமாகத்தான் போகும், பிட் மெதுவாகத்தான் தின்னும். ஈற்றனின் சூத்திரத்தில் போட்டால் “எல்லாம் ஒழுங்கு” என்று பதில் வரும். டி-அடுக்கும் அதையே சொல்லும். இரண்டு சாட்சிகள் ஒத்துப்போகின்றன என்று ஆள் நிம்மதியடைவான். ஆனால் இரண்டும் கேட்பது ஒரே கேள்வியை, “கல் எவ்வளவு கெட்டி?” என்று. அழுத்தத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“அப்ப பதில், அளக்கேல்லை. கணக்கும் போட ஏலாது,” என்றாள் அந்தப் பிள்ளை. ஓம்.

மன்னார்

மன்னார்ப் படுகையில் 2011இல் கெயர்ன் லங்கா தோண்டிய டொராடோ, பரக்குடா கிணறுகள் இரண்டிலும் வாயு தென்பட்டது. டொராடோவில் கடலாழம் 1,354 மீற்றர். வாயு தாங்கிய மணற்கல் ஏறத்தாழ 3,044 முதல் 3,069 மீற்றர்வரை, 25 மீற்றர் தடிப்பு. இந்த எண்களை வைத்தே கொஞ்சம் விளையாடலாம். கணக்குக்காக இவற்றை நிலைக்குத்து ஆழமாக எடுக்கிறேன்.

3,044 மீற்றரில் சாதாரண நீரழுத்தம் 30.7 மெகாபாஸ்கல். மேற்சுமையில் முதல் 1,354 மீற்றர் வெறும் தண்ணீர்: 13.7. மிச்ச 1,690 மீற்றர் இளம் படிவுகளுக்கு அடர்த்தி 2.1 என்று வைத்தால் 34.8. மொத்தம் 48.5. மேற்சுமைக்கும் நீரழுத்தத்துக்கும் இடைவெளி 17.8 மட்டுமே. இதே ஆழம் தரையில் என்றால் 38 அளவில் இருக்கும். ஆழ்கடலில் இடைவெளி பாதியாவதற்கு மர்மக் காரணம் ஒன்றுமில்லை. பாறை இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் இருக்கிறது. முன்பு சொன்ன மட்டின் இடைவெளியும் இதற்குள்தான் அடங்க வேண்டும். மெக்சிக்கோ வளைகுடாவின் மக்கொண்டோ கிணற்றில், 2010 ஏப்ரல் விபத்துக்கு முன்பே இந்த இடைவெளி தீர்ந்து, 20,200 அடி போகத் திட்டமிட்டவர்கள் 18,360 அடியில் நிறுத்த வேண்டி வந்தது.

அந்த 25 மீற்றர் வாயுவால் மணலின் உச்சியில் ஏறும் அழுத்தம் எவ்வளவு? வாயு தண்ணீரைவிட இலேசு என்பதால் கொஞ்சம் ஏறும்: 0.2 மெகாபாஸ்கல், 30 பிஎஸ்ஐ. பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் மணற்கல்லில் ஐந்தாறு இடங்களில் அழுத்தத்தை அளந்து ஆழத்துக்கு எதிரே புள்ளி வைத்தால், அந்தச் சிறு சரிவிலேயே வாயு எங்கே முடிந்து தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். அளந்த எண்ணின் அருமை அது.

பரக்குடா இன்னும் ஆழம். கடல் 1,509 மீற்றர், கிணறு 4,741 மீற்றர்வரை போனது. மன்னாரின் அடுக்குகளில் களிக்கல்லோடு தடித்த பசால்ட்டும் கிடக்கிறது. தீப்பாறை. ஜாவாக் கணக்கில் சாட்சிகள் இரண்டும் பொய் சொல்லக்கூடிய அதே வகைப் பாறை. பசால்ட்டின் அடியில் ஒரு மணற்கல் இருந்து, பசால்ட்டே அதற்கு மூடியாக இருந்தால், மேலிருந்து கீழே கோடு போட்டுக்கொண்டு வருபவருக்கு அது தெரியாது. 2021ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பெற்றோலிய வளங்கள் சட்டத்துக்குப் பிறகு இந்தத் தரவுகளைப் பராமரிக்கும் அதிகாரசபை இருப்பதும் கொழும்பில்தான், எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம்.

அன்று கடைசி வேலை, மன்னாரின் அமைப்பைப் பின்பற்றி ஒரு மாதிரிக் கிணற்றுக்கு அழுத்த வரைபடம் கீறுவது. நீர்வழங்கலில் வேலை செய்யும் தம்பி பசால்ட்டுக்கு மேலே இருந்த கோட்டையும் கீழே இருந்த கோட்டையும் அடிமட்டம் வைத்து இணைத்துவிட்டார். இடைவெளி விட்டால் மேலதிகாரி “என்ன இது, வேலை முடியேல்லையோ?” என்று திருப்பி அனுப்புவார் என்றார். அவர் சொல்வதும் பொய்யில்லை. நானும் அப்படி இணைத்து அனுப்பியிருக்கிறேன். தரைப் பொறியியல் பிள்ளை தன் தாளில் பசால்ட்டின் பகுதியை வெறுமையாக விட்டு, மணற்கல்லில் அளந்தவற்றுக்குக் கறுப்புப் புள்ளியும் களிக்கல்லில் ஊகித்ததற்குப் பென்சில் கோடும் போட்டிருந்தார். வெறுமையான இடத்தில் என்ன எடையில் மட் வைத்துத் தோண்டுவது என்று தம்பி கேட்டார். இருவரும் காலி வீதிவரை அதைப் பற்றியே சண்டை பிடித்துக்கொண்டு போனார்கள்.